கடைசியாக மேலே வருபவருக்குச் சிவப்புத் தொப்பி

மாஸ்டருக்குக் கோபம் வந்தால் விசில் ஊதுவார். சந்தோஷம் வந்தாலும் விசில்தான். எந்த விசில் எதற்கு என்று புரிந்துகொள்ள, புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு ஒரு மாதமாவது ஆகும். அதற்குள் பாதிப் பேர் ஓடிவிடுவார்கள். மிச்சம் இருப்பவர்களை வைத்துத்தான் அவர் இத்தனை வருடமாகப் பதக்கம் வாங்கிக்கொண்டிருந்தார்.

நீச்சல் பயிற்சியாளர் என்றால் வெளியே இருந்து பார்க்க ராஜ உத்தியோகம். கரையில் நின்று கத்தினால் போதும், சம்பளம் வந்துவிடும் என்று அக்கம்பக்கத்தில் நினைப்பு. ஊர் எழுவதற்கு முன்னால் எழுந்து, குளோரின் வாடை சட்டையை விட்டும் போகாமல் தோலை விட்டும் போகாமல், நாள் முழுக்க ஈரத் தரையில் நின்று குதிகால் வெடித்துக் கிடப்பது அவருக்குத்தான் தெரியும். கல்யாணம் பண்ணிக்கொள்ளவும் நேரமில்லை. "அவருக்குக் குளம்தான் பெண்டாட்டி, ராத்திரி மூடி வச்சுட்டு வருவாரு" என்று அவருடைய தங்கை கிண்டல் செய்வாள்.

வாலிபத்தில் அவரும் போட்டியில் நீந்தியவர்தான். எப்போதும் நாலாவதாக வந்தார். மூன்றாவதாக வந்தவன் படத்தில் இருப்பான், நாலாவதாக வந்தவன் படம் எடுப்பவனுக்குப் பக்கத்தில் நிற்பான் என்று அவரே சொல்லிச் சிரிப்பார். ஆனால் அந்தச் சிரிப்புக்குள் முள் இருந்தது. ஏன் நாலாவது என்று வருடக்கணக்கில் யோசித்து அவர் ஒரு முடிவுக்கு வந்திருந்தார். மற்றவர்களைவிட ஒன்றிரண்டு மூச்சு அதிகமாக எடுத்துவிட்டார், அவ்வளவுதான். தலையைத் திருப்பி மூச்சு எடுக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு விரல் தூரம் போகிறது. மூச்சு இல்லாமல் இருக்கப் பழகியவனே ஜெயிப்பான்.

அதிலிருந்து பிறந்ததுதான் கீழ்ப்பாடம். பயிற்சி முடிந்து பிள்ளைகள் களைத்துப் போயிருக்கும் நேரத்தில் அது தொடங்கும். எல்லோரும் ஆழமான பக்கத்தின் விளிம்பில் உட்கார்ந்து, கொல்லன் துருத்தி போலப் புஸ் புஸ்ஸென்று வேகமாக இருபது மூச்சு விட வேண்டும். பிறகு ஒரே நேரத்தில் இறங்க வேண்டும். சுவரடியில் அவரே ஆள் வைத்துப் பதித்த ஸ்டீல் கம்பி ஒன்று உண்டு. அதைப் பிடித்துக்கொண்டு கீழேயே இருக்க வேண்டும். கடைசியாக மேலே வருபவருக்குச் சிவப்புத் தொப்பி. மற்றவர்களுக்கு வெள்ளை. சிவப்புத் தொப்பிக்காரர் அந்த வாரம் முழுக்க நடுத் தடத்தில் நீந்தலாம், போட்டிக்குப் போகும் வண்டியில் ஜன்னலோர இடமும் அவருக்குத்தான்.

"எங்க பிள்ளைங்க அந்தத் தொப்பிக்காக உசுரையே விடுவாங்க" என்று மாஸ்டர் பெருமையாகச் சொல்லுவார். வாய்முகூர்த்தம் என்று ஒன்று இருக்கிறது, அதை அவர் நம்பவில்லை.

தொப்பி பலித்தது. பதக்கங்கள் சுவரில் இடம் போதாமல் அலமாரிக்குப் போயின. மற்ற கிளப்காரர்கள் வேலியோரம் நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். கடைசியில் நீச்சல் சங்கமே இறங்கி வந்தது. கீழ்ப்பாடத்தைப் படம் எடுத்து எல்லா கிளப்புகளுக்கும் கற்றுக்கொடுப்பது, மாஸ்டரைத் தேசிய அணிக்குத் தலைமைப் பயிற்சியாளராகப் போடுவது என்று சங்கத்தின் செயலாளர் முடிவு செய்திருந்தார். நாலாவதாகவே வந்த மனுஷனுக்கு முதல் இடம். அதற்கு முந்தின இரவு அவர் சரியாகத் தூங்கவில்லை.

படம் எடுக்கும் நாளில் அவருக்கு எரிச்சல் ஊட்டியவள் தவளை ஒருத்திதான். தவளை என்பது பட்டப்பெயர். மார்பு நீச்சலில் கெட்டிக்காரி, ஒரு காலத்தில் சிவப்புத் தொப்பியைக் கழற்றாமலே திரிந்தவள். முழங்கால் தேய்ந்துபோனதும் அவருக்கே உதவிப் பயிற்சியாளராக வந்து, ஆழமில்லாத பக்கத்தில் குட்டிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். நல்ல பெண். ஒரே ஒரு கெட்ட பழக்கம், கீழ்ப்பாடம் நடக்கும்போது அவள் கண் அவளுடைய பிள்ளைகள் மேல் இருக்காது. கழுத்தைத் திருப்பி ஆழமான பக்கத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

"உன் பிள்ளைங்க அங்க இருக்கு, உன் கண்ணு இங்க இருக்கு. உனக்கு என்ன, மாறுகண்ணா?" என்று அன்றைக்கும் கேட்டார்.

"சரி மாஸ்டர்" என்றாள். இரண்டு நிமிடம் கழித்துத் திரும்பவும் கழுத்து இந்தப் பக்கம் வந்துவிட்டது.

படத்தில் முக்கியமாக வர வேண்டியவள் அரை டிக்கெட். மாஸ்டருடைய தங்கை மகள். பஸ்ஸில் அரை டிக்கெட் எடுக்கும் வயதில் குளத்துக்கு வந்தவள், இப்போது அம்மாவைவிட உயரமாகிவிட்டாள், பெயர் மட்டும் வளரவில்லை. வீட்டில் அவளுக்கு அவர் மாமா. குளத்தில் மாஸ்டர். வாய் தவறி இங்கே மாமா என்று கூப்பிட்டால் கூடுதலாகப் பத்துச் சுற்று நீந்த வேண்டும். மூன்று வாரமாகத் தொப்பி அவள் தலையில்தான் இருந்தது.

செயலாளர் ஷூவில் தண்ணீர் படாமல் நாற்காலியில் உட்கார்ந்தார். கேமராக்காரர் நீளமான கம்பின் நுனியில் கேமராவைக் கட்டித் தண்ணீருக்குள் இறக்கினார். கரையில் ஒரு சின்ன டிவியில் அடித்தரை பளிச்சென்று தெரிந்தது. மாஸ்டரின் காலரில் மைக் குத்தப்பட்டது.

"நீங்க பாட்டுக்குப் பேசிக்கிட்டே இருங்க மாஸ்டர்" என்றார் கேமராக்காரர். "ஒரு சின்ன பிரச்சினை. மேல வந்தவங்க எல்லாம் அங்கயே தொங்கிக்கிட்டு இருக்காங்க. படம் முழுக்க காலா தெரியுது."

உண்மைதான். மேலே வந்த பிள்ளைகள் ஏறிப் போக மாட்டார்கள். விளிம்பைப் பிடித்துக்கொண்டு, முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து, இன்னும் கீழே இருப்பவர்களைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். சோம்பேறித்தனம் என்று மாஸ்டர் பல தடவை திட்டியிருக்கிறார். பழக்கம் மாறவில்லை.

"இன்னைக்கு மேல வந்தவங்க உடனே ஏறிப் போய் பெஞ்சுல உக்காரணும். ஒருத்தர் காலு தெரியக் கூடாது" என்று உத்தரவு போட்டார்.

ஒட்டகம் என்று பெயர் வாங்கிய நெட்டைப் பையன் தயங்கினான். "நாங்க ஓரமா ஒதுங்கி நிக்கிறோமே மாஸ்டர்."

"சொன்னதைச் செய்."

விசில். இருபது மூச்சு. எல்லோரும் இறங்கினார்கள்.

டிவியில் வரிசையாக முகங்கள் தெரிந்தன. கன்னம் உப்பிக்கொண்டும் கண்ணைச் சுருக்கிக்கொண்டும் இருந்தார்கள். ஒருவர் பின் ஒருவராகக் கம்பியை விட்டுவிட்டு மேலே பாய்ந்தார்கள், இருமிக்கொண்டே பெஞ்சுக்குப் போனார்கள். கடைசியில் ஒட்டகமும் அரை டிக்கெட்டும் மட்டும் மிஞ்சினார்கள். ஒட்டகம் உதைத்து மேலே வந்தான். வந்தவன் ஏறாமல் கீழே குனிந்து பார்த்தான். மாஸ்டர் விசில் ஊதினார். அவன் ஏறினான், பெஞ்சில் உட்காராமல் நின்றான்.

கீழே அரை டிக்கெட் தனியாக இருந்தாள்.

"இப்பதான் பாக்கணும்" என்று மாஸ்டர் மைக்கில் பேச ஆரம்பித்தார். குரல் குழைந்திருந்தது. "முகத்தைப் பாருங்க. ஒரு சுருக்கம் இருக்கா? ஒரு தவிப்பு இருக்கா? எல்லாரும் தண்ணியோட சண்டை போடுவாங்க. இவ போடல."

டிவியில் அவள் விரல்கள் கம்பியிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரிந்தன. கை மெல்ல விரிந்து மிதந்தது.

"பாத்தீங்களா, கம்பியையே விட்டுட்டா. பயம்ங்கிறது துளி இல்ல. இதுதான் நான் இத்தனை வருஷமா தேடின அமைதி."

அவள் வாயிலிருந்து ஒரு குமிழி வந்தது. பிறகு சின்னதாக இன்னொன்று.

"காத்தைக் கொஞ்சம் கொஞ்சமா விடுறா. இதை நான் சொல்லித் தரல. தானா வந்திருக்கு."

"பிரமாதம்" என்றார் செயலாளர்.

குளக்கரையில் யாரும் ஓடக் கூடாது என்று பலகையே இருக்கிறது. தவளை ஓடி வந்தாள். போட்டிருந்த டிராக் சூட்டும் ஷூவும் பாக்கெட்டில் இருந்த போனுமாகத் தண்ணீரில் பாய்ந்தாள். டிவியில் அவள் உடம்பு குறுக்கே வந்து காட்சியை மறைத்தது. மாஸ்டருக்கு ரத்தம் கொதித்தது. எடுத்தார் விசிலை, ஊதினார். நீளமாக, கோபமாக, படம் கெட்டுப் போகிறதே என்று ஊதினார்.

தவளை மேலே வந்தபோது அவள் தோளில் ஒரு தலை துவண்டு கிடந்தது. உதடு மை குடித்தது போல நீலமாக இருந்தது.

விசில் அவர் வாயிலிருந்து விழுந்தது. அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. முதலுதவிப் பாடத்தை வருடா வருடம் ரப்பர் பொம்மையை வைத்து நடத்துபவர் அவர்தான். அந்த நிமிடம் அது எந்த மொழிப் பாடம் என்றுகூட நினைவில்லை. ஈரத் தரையில் மண்டியிட்டு மூச்சு ஊதியவள் தவளை. ஊதினாள், பார்த்தாள், திரும்ப ஊதினாள். கேமராக்காரர் கம்பைப் பிடித்தபடி கல்லாகி நின்றார். பிறகு அரை டிக்கெட்டின் உடம்பு ஒரு தடவை தூக்கிப் போட்டது. தண்ணீரும் சளியுமாக வந்தது. தொண்டை கிழிகிற மாதிரி ஒரு மூச்சு உள்ளே போனது.

பெஞ்சில் இருந்த பிள்ளைகள் அழுதார்கள். ஆனால் ஒருவர் முகத்திலும் ஆச்சரியம் இல்லை. "கரண்ட் போயிடுச்சு, அப்பவே தெரியும், கரண்ட் போயிடுச்சு" என்று ஒட்டகம் முணுமுணுத்துக்கொண்டே இருந்தான். மாஸ்டர் காதில் அது விழுந்தது, மண்டைக்குள் போகவில்லை.

ஆஸ்பத்திரியில் நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் வலது கை வலிப்பது தெரிந்தது. பிள்ளைகள் இறங்கும்போது அழுத்திய ஸ்டாப் வாட்சை இறுக்கிப் பிடித்திருந்தார். அது இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்த ஒரு பொத்தான் போதும். கட்டைவிரல் கேட்கவில்லை.

தங்கை ஆபீஸ் அட்டை கழுத்தில் ஊசலாட வந்தாள். அண்ணனைக் கடந்து நேராக உள்ளே போனாள். அவள் திட்டியிருந்தால் தேவலை என்று அவருக்கு இருந்தது.

டாக்டர் இளம்பெண். அரை டிக்கெட் பிழைத்துக்கொள்வாள் என்று முதலில் சொன்னாள். பிறகு மாஸ்டரிடம் திரும்பினாள். "தண்ணிக்குள்ள போறதுக்கு முன்னாடி வேக வேகமா மூச்சு எடுத்தாளா?"

"எடுத்தா. இருபது தடவை. நான் பழக்கினதுதான்" என்றார். கேட்ட கேள்விக்குச் சரியான பதில் கையில் இருக்கிறதே என்ற நிம்மதியோடு சொன்னார்.

டாக்டர் எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடினாள். "சார், மூச்சு முட்டுதுன்னு நமக்குத் தோணுறது நல்ல காத்து தீர்ந்துபோனதால இல்ல, உள்ள கெட்ட காத்து சேர்றதால. வேக வேகமா மூச்சு விட்டா அந்தக் கெட்ட காத்து முன்னாடியே வெளிய போயிடும். அப்புறம் நல்ல காத்து தீர்ந்தாலும் உடம்பு சொல்லாது. முட்டாது, தவிக்காது. சுகமா இருக்கும். அப்படியே மயங்கிடுவாங்க."

"அவ அமைதியா இருந்தா" என்றார் மாஸ்டர்.

"ஆமா. தீப்பிடிச்சா அடிக்கிற மணியைக் கழட்டி வச்சுட்டு, மணியே அடிக்கல, வீடு நல்லா இருக்குன்னு உக்காந்திருக்கிற மாதிரி. யார்கிட்ட சார் இந்த மூச்சைக் கத்துக்கிட்டீங்க?"

"எங்க மாஸ்டர்கிட்ட."

"அவரு?"

 அவர் யாரிடம் கற்றார் என்று மாஸ்டர் கேட்டதே இல்லை.

உள்ளே போனபோது அரை டிக்கெட் கண் விழித்திருந்தாள். மூக்கில் குழாய். அம்மா அவள் நெற்றியைத் தடவிக்கொண்டிருந்தாள். பெண்ணின் கண் அம்மாவைத் தாண்டிக் கதவடியில் நின்றவரிடம் வந்தது.

"மாஸ்டர், தொப்பி எனக்குத்தானே?"

மூக்குக் குழாயைச் சரிசெய்துகொண்டு அவளே தொடர்ந்தாள்.

"ஒட்டகம் போனது தெரியும். அப்புறம் நல்லா இருந்துச்சு. ரொம்ப நல்லா இருந்துச்சு மாஸ்டர். இன்னும் இருந்திருப்பேன்."

தங்கை நெற்றியிலிருந்து கையை எடுக்காமலே பேசினாள். "கேட்டியாண்ணா. கண்ணு முழிச்சவ அம்மாவைத் தேடல. உன்னை மாமான்னும் கூப்பிடல. தொப்பியைக் கேக்குறா."

மாஸ்டர் வெளியே வந்துவிட்டார்.  தாழ்வாரத்தின் கடைசியில் தவளை, யாரோ கொடுத்த போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஷூவிலிருந்து இன்னும் தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது.

"உனக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்று கேட்டார். "நான் டிவியில பக்கத்துல வச்சுப் பாத்துக்கிட்டிருந்தேன். எனக்குத் தெரியல. நீ அந்தக் கோடியில இருந்த."

"கீழ ஒருத்தரு இருக்கும்போது மேல யாருமே இல்ல மாஸ்டர். அதுலயே பாதி உசுரு போச்சு. பாதி தூரம் வந்து டிவியில விரலைப் பாத்தேன். தூங்குற பிள்ளை கையில இருந்து பொம்மை நழுவுமே, அப்படிப் பிரியும். எனக்கும் அப்படித்தான் பிரியும்னு சொல்லுவாங்க."

"உனக்குன்னா?"

தவளை போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டாள். "எனக்கும் கரண்ட் போயிருக்கு மாஸ்டர். ஒரு தடவை இல்ல. நாங்க அப்பவே அதைக் கரண்ட் போறதுன்னுதான் சொல்லுவோம். இப்ப இருக்கிற பிள்ளைங்களுக்கு அந்தப் பேரு எங்ககிட்ட இருந்துதான் போச்சு."

மாஸ்டர் உட்கார்ந்தார். 

"மேல வந்தவங்க ஏறிப் போக மாட்டாங்கல்ல? அது சோம்பேறித்தனம் இல்ல. யாருக்காவது கரண்ட் போச்சுன்னா முங்கி, முடியைப் பிடிச்சு இழுத்துடணும். இழுத்தவங்களும் சொல்லக் கூடாது, இழுக்கப்பட்டவங்களும் சொல்லக் கூடாது. மாஸ்டருக்கு மட்டும் தெரியக் கூடாது. இது பிள்ளைங்களுக்குள்ள சட்டம். இன்னைக்கு நீங்க எல்லாரையும் பெஞ்சுக்கு அனுப்பிட்டீங்க."

 தன் கண் முன்னால், தன் குளத்தில், இத்தனை வருடமாக நடந்திருக்கிறது. ஒரு பிள்ளைகூட வாய் திறக்கவில்லை. அவர் கம்பீரமாகக் கரையில் நடந்துகொண்டிருக்க, அவர் செத்துப்போக விட்ட பிள்ளைகளை மற்றப் பிள்ளைகள் முடியைப் பிடித்து இழுத்துப் பிழைக்க வைத்திருக்கின்றன. சுவரில் மாட்டிய பதக்கங்களில் எது விழித்திருந்து வாங்கியது, எது மயங்கி வாங்கியது என்று யாரால் சொல்ல முடியும்.

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா தொப்பி கிடைக்காதுல்ல மாஸ்டர். அந்த வயசுல அது பெருசு."

"சரி, வளர்ந்த பிறகு?"

"சொல்லலாம்னு வந்தேன். நீங்க ஏணியில நின்னு பதக்கம் மாட்டிக்கிட்டிருந்தீங்க. ஆணியை எடுத்துக் குடுன்னு சொன்னீங்க. குடுத்தேன்." ஷூவைக் கழற்றிக்கொண்டே, "அந்தப் பெரிய கிளப்புல கூப்பிட்டாங்களே, சம்பளம் அதிகம், ஏன் போகல, பைத்தியமான்னு கேட்டீங்க. நான் போயிட்டா ஆழமான பக்கத்தை யாரு பாப்பாங்க?" என்றாள்.

மாறுகண்ணா என்று காலையில் கேட்டது மாஸ்டருக்கு நினைவு வந்தது.  தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். இவருக்குக் கண் முன்னால் இருந்ததே தெரிந்திருக்கவில்லை.

இரண்டு நாள் கழித்துச் செயலாளர் கூப்பிட்டு அனுப்பினார். மேசை மேல் லேப்டாப், பக்கத்தில் பிஸ்கட் தட்டு. மனுஷன் உற்சாகமாக இருந்தார்.

"பொண்ணு நல்லா இருக்காளாமே. நல்லதாப் போச்சு. மயக்கம் யாருக்குத்தான் வராது, எங்க வீட்டம்மா வெயில்ல நின்னாலே விழுவாங்க. பாருங்க மாஸ்டர், உங்க உதவியாளர் குதிக்கிறதுக்கு முன்னாடியே வெட்டிட்டா படம் அருமையா நிக்குது. பயிற்சியாளர் கூட்டத்துல போட்டுக் காட்டிட்டு, உங்க பதவியை அங்கயே அறிவிச்சுடலாம்."

மாஸ்டர் படத்தைப் பார்த்தார். தன் குரலைக் கேட்டார். முகத்தைப் பாருங்க, ஒரு சுருக்கம் இருக்கா. நிறுத்தி, பின்னுக்குப் போய், மறுபடி பார்த்தார். தங்கை மகள் எந்த இடத்தில் போனாள் என்று தேடினார். விஷயம் தெரிந்த பிறகும் கண்டுபிடிக்க முடியவில்லை. கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு மயங்கியிருந்தாள். அவருடைய குரல் மட்டும் தேன் ஒழுகப் பேசிக்கொண்டே போனது. 

"முழுப் படமும் எனக்கு வேணும்" என்றார்.

"எதுக்கு?"

"நானே வெட்டிக்கிறேன்" என்றார். பொய்தான். அவ்வளவு சுலபமாக வந்தது.

தங்கை வீட்டுக்கு எப்போதும் கதவைத் தள்ளிக்கொண்டு நுழைபவர், அன்றைக்கு மணி அடித்துவிட்டு வெளியே நின்றார். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தவள், கையில் பாதி மடித்த துண்டோடு வந்து திறந்தாள்.

"அந்தப் படத்தைக் கூட்டத்துல போட்டுக் காட்டலாமான்னு கேக்க வந்தேன்" என்றார். "அவ முகம் தெரியும். நீ வேணாம்னா வேணாம்."

"வெட்டாமக் காட்டுவியா?"

"ஆமா."

"உன் குரலோடயா?"

"குரலோடதான். அப்புறம் அந்தப் பதவி வராது. இருக்கிற வேலையும் போகலாம்."

அவள் துண்டை மடித்து முடித்தாள். "ஊரு பிள்ளைங்களை எல்லாம் நீ பாத்துக்குவேன்னுதானே நானும் எம்பொண்ணைக் குடுத்தேன். போய்க் காட்டு. அதுக்கு அப்புறம் இந்த வீட்டுக்கு வா, சோறு போடுறேன். அதுக்கு முன்னாடி வேணாம்."

உள்ளே அரை டிக்கெட் யாருடனோ போனில் சிரித்துக்கொண்டிருந்தாள். மாஸ்டர் அந்தச் சிரிப்பைக் கேட்டுவிட்டுப் படியிறங்கினார்.

கூட்டம் ஒரு காலை நேரத்தில் நடந்தது. ஹால் நிறையப் பயிற்சியாளர்கள், ஒவ்வொருவர் கழுத்திலும் விசில். காலைப் பயிற்சியைத் தொடங்கி வைத்து, குளங்களை உதவியாளர்களிடம் ஒப்படைத்துவிட்டு வந்திருந்தார்கள். முன்வரிசையில் வெள்ளை மீசைக்காரர் ஒருவர், மாஸ்டரின் பழைய போட்டியாளர், கை கட்டி உட்கார்ந்திருந்தார். தவளை லேப்டாப் அருகில் நின்றாள். எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்று மாஸ்டர் அவளிடம் சொல்லியிருந்தார்.

அவருக்குள் ஒரு ஆசை இருந்தது. இவர்கள் எல்லாம் இந்தத் தொழிலில் ஊறியவர்கள். யாராவது ஒருவர் பாதியிலேயே எழுந்து, அந்தப் பொண்ணை மேல எடுங்கய்யா என்று கத்துவார். குருடன் தான் ஒருவன்தான் என்று தெரிந்துவிடும். அந்த அவமானத்தை ஒரு மருந்து போல அவர் எதிர்பார்த்துக்கொண்டிருந்தார்.

படம் ஓடியது. பிள்ளைகள் இறங்கினார்கள். ஒவ்வொருவராக மேலே போனார்கள். அரை டிக்கெட் தனியானாள். ஹாலில் மாஸ்டரின் குரல் குழைந்து ஒலித்தது. விரல்கள் பிரிந்தன. யாரோ வியப்பில் உச்சுக்கொட்டினார். குமிழி வந்தது. தவளை படத்தை நிறுத்தினாள்.

முதலில் கை தட்டியவர் வெள்ளை மீசைக்காரர்தான். பிறகு ஹால் முழுக்கத் தட்டியது. 

"போட்டியாளனா இருந்தாலும் சொல்றேன்" என்று மீசைக்காரர் எழுந்தார். "எங்க குளத்துலயும் போன மாசம் இதை ஆரம்பிச்சாச்சு. தொப்பிகூட வாங்கிட்டேன், எங்களுது மஞ்சள். ஆனா எங்க பிள்ளைங்களுக்கு இந்த அமைதி வரல. இதுக்கு என்ன பண்ணணும், அதைச் சொல்லுங்க."

"நாங்களும் ஆரம்பிச்சுட்டோம்" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். "நாங்களும்தான்" என்றார் ஒரு அம்மாள். "இருபது மூச்சா, முப்பது வச்சுக்கலாமா?"

 தான் ஒருவன்தான் குருடன் என்று நினைத்திருந்ததில்கூட மாஸ்டருக்கு ஒரு ஆறுதல் இருந்திருக்கிறது. அது இப்போது போனது.

"இந்தப் பொண்ணு இந்த இடத்துல முழிச்சிருக்காளா?" என்று கேட்டார்.

சிலர் சிரித்தார்கள். வேடிக்கையாகக் கேட்கிறார் என்று நினைத்தார்கள்.

"இது என் தங்கச்சி மக. இந்த இடத்துல அவளுக்கு நினைவு இல்ல. நான் பேசிக்கிட்டிருக்கேன் பாருங்க, அமைதின்னு, அப்ப அவ செத்துக்கிட்டிருக்கா." தவளையைப் பார்த்துத் தலையசைத்தார்.

படம் மறுபடி ஓடியது. விசில் ஹாலைக் கிழித்தது. நீளமான, கோபமான விசில். உடம்பு ஒன்று குறுக்கே பாய்ந்தது. படம் அந்தரத்தில் ஆடியது. கேமராவில் வெறும் தண்ணீர் தெரிய, மைக்கில் தவளை ஊதும் சத்தமும் தங்கை மகளின் அந்த முதல் மூச்சும் மட்டும் கேட்டன. செயலாளர் எழுந்து மேடைப் பக்கம் வந்தவர், நடுவழியில் நின்றுவிட்டார்.

"வேக வேகமா மூச்சு விடச் சொன்னா உடம்புல இருக்கிற எச்சரிக்கை நின்னுடும்" என்றார் மாஸ்டர். "எனக்குத் தெரியாது. என் பிள்ளைங்களுக்குத் தெரிஞ்சிருந்துச்சு, எங்கிட்ட மறைச்சுட்டாங்க. உங்க பிள்ளைங்களும் மறைப்பாங்க. இந்தப் பாடத்தை நான்தான் பரப்பினேன். விட்டுடுங்க. இன்னைக்கே விட்டுடுங்க."

 மூச்சு முப்பதாக வைக்கலாமா என்று கேட்ட அம்மாள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.  கைப்பையைத் துழாவி போனை எடுத்தாள். காலைப் பயிற்சி முடியும் நேரம் அது. பிள்ளைகள் களைத்திருக்கும் நேரம்.

"கீழ யாரும் இருக்காங்களா? மேல கூப்பிடு. இப்பவே கூப்பிடு" என்றாள்.

அவளைப் பார்த்து இன்னொருவர் எடுத்தார். பிறகு எல்லோரும் எடுத்தார்கள். ஹால் முழுக்க ஒரே வார்த்தைகள் வெவ்வேறு குரலில் கேட்டன. மேல வரச் சொல்லு. எல்லாரையும். பிறகு ஒவ்வொரு குரலாக அடங்கியது. பேசி முடித்தவர்கள் நாற்காலியில் சரிந்தார்கள், சிலர் முகத்தைத் துடைத்துக்கொண்டார்கள்.

வெள்ளை மீசைக்காரருடைய போன் மட்டும் அடித்துக்கொண்டே இருந்தது. மறுபக்கம் யாரும் எடுக்கவில்லை.  மாஸ்டர் மேடையிலிருந்து இறங்கி அவருக்குப் பக்கத்தில் போய் நின்றார். மணி நின்றது. மீசைக்காரர் மறுபடி அழுத்தினார்.

ஒரு வழியாக யாரோ எடுத்தார்கள்.

"எல்லாரையும் மேல வரச் சொல்லு. ஏன்னு அப்புறம் சொல்றேன். வந்துட்டாங்களா? எண்ணு. சத்தமா எண்ணு, எனக்குக் கேக்கணும்."

போனிலிருந்து ஒரு இளங்குரல் சன்னமாக ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கியது. காலையில் எத்தனை பேர் வந்தார்கள் என்பது மீசைக்காரருக்கு மட்டும்தான் தெரியும். எல்லோரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.